நல்லாத்தான் இருக்கு

டங்.

இரும்பும் இரும்பும் மோதுகிற சத்தம். அப்புறம் ஒரு மூச்சு அளவுக்கு அமைதி. அப்புறம் நாலைந்து ஆண் குரல்கள் ஒன்றின்மேல் ஒன்று ஏறி, "ஏய், ஏய், ஏய்!"

கருவடிக்குப்பத்தில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் யாரும் இன்னும் வீடு கட்டாத மனை ஒன்று கிடக்கிறது. சாயந்திரமானால் அங்கே பெத்தாங் ஆடுவார்கள். தரையில் ஒரு வட்டம் போட்டு, அதற்குள் நின்று, சின்ன மரக்குண்டு ஒன்றைத் தூர எறிவார்கள். பிறகு கனமான இரும்புக் குண்டுகளை ஒவ்வொன்றாக வீசி, யாருடையது மரக்குண்டுக்குப் பக்கத்தில் போய் நிற்கிறது என்று பார்ப்பார்கள். அவ்வளவுதான் ஆட்டம். மற்றதெல்லாம் வாய்.

துணி மடித்துக்கொண்டிருந்தேன். அந்த 'டங்' காதில் விழுந்ததும் என் வலது கட்டை விரல் என்னைக் கேட்காமல் மடங்கி, மேலே ஒரு சுண்டு சுண்டியது. மடித்த துண்டு கலைந்து போனது. விரலுக்கு இன்னும் ஓய்வு பெற்ற சேதி தெரியவில்லை.

நான் வீடியோ கேம் ஆடி ஓய்வு பெற்றவள். சொன்னால் சிரிக்கிறார்கள், சிரிக்கட்டும்.

ஆபீசில் இப்போது என் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் ரேவதி அன்று காலையில்தான் குரல் செய்தி அனுப்பியிருந்தாள். "அக்கா, நாலாவது பாகம் ரெடியாவுது. இப்பல்லாம் கம்ப்யூட்டரே தானா ஆடிப் பாத்து எங்க நிக்குது, எங்க தொங்குதுன்னு சொல்லிடுதுக்கா. ஆனா பழைய ஆட்டம் மாதிரியே இருக்கான்னு கேட்டா அதுக்குத் தெரியல. மதாம் உங்களத்தான் கேக்கச் சொன்னாங்க. எதக்கா பாப்பீங்க நீங்க?"

பதில் பேசப் போனை எடுத்தேன், வைத்தேன், மறுபடி எடுத்தேன். கடைசியில் எழுத உட்கார்ந்துவிட்டேன்.

நெல்லித்தோப்பில் பிறந்தவள் நான். அப்பா பஞ்சாலையில் ஷிப்டு பார்த்தவர். அம்மா வீட்டையும் அப்பாவின் இருமலையும் பார்த்தவள். டைப்பிங் முடித்து, அங்கே இங்கே கணக்கு ஏற்றி, உப்பளத்தில் ஒரு சின்ன கம்பெனியில் கம்ப்யூட்டர் தெரிந்த பெண் வேண்டுமென்று கேள்விப்பட்டுப் போனேன். அங்கே என் கையில் ஒரு போனைக் கொடுத்து, "ஆடு" என்றார்கள். சாயந்திரம் வரை ஆடினேன். "நாளைக்கும் வா" என்றார்கள். முதல் வருஷப் பயிற்சி மொத்தமும் இந்த ரெண்டு வாக்கியம்தான்.

அவர்கள் செய்துகொண்டிருந்தது போனில் ஆடும் பெத்தாங். பெயர், 'உருட்டு'. அப்போது அந்தச் சொல்லுக்குக் குண்டு உருட்டுவது என்று மட்டும்தான் அர்த்தம். பின்னால் ஊரே பொய்யை உருட்டு என்று சொல்ல ஆரம்பித்ததும் எங்களுக்கு இலவச விளம்பரம் ஆகிவிட்டது.

அம்மாவுக்கு மட்டும் கடைசிவரை சமாதானம் இல்லை. "ஆடறதுக்கு ஒரு ஆபீஸு, அதுக்குப் பேரு உருட்டு. மாப்ள வீட்ல கேட்டா நான் என்னாத்தடி சொல்லுவேன்?"

அப்பா கட்டிலில் இருந்தபடியே சொன்னார்: "மிஷின் சரியா ஓடுதான்னு பாக்கறா. எங்க மில்லுலயும் அதுக்கு ஆள் இருந்தான். சொல்லு."

எங்கள் மேலதிகாரி ஜோஸ்ஃபீன் மதாம். இந்த ஊரிலேயே பிரெஞ்சுப் பள்ளியில் படித்து, பாரீஸில் பல வருஷம் இதே தொழிலில் இருந்துவிட்டுத் திரும்பியவர். கஞ்சி போட்ட பருத்திப் புடவை, குட்டையாக வெட்டிய நரைமுடி. ஆபீசுக்குள் நுழைந்ததும் செருப்பைக் கழற்றிவிட்டு நாள் முழுக்க வெறுங்காலோடு நடப்பார். பின்னால் வந்து நிற்பது தெரியாது. திரும்பிப் பார்த்தால் நம் திரையைப் பார்க்காமல் நம் கையைப் பார்த்துக்கொண்டு நிற்பார்.

அவருக்கென்று சில முறைகள் இருந்தன. புதிய வடிவம் வந்தால் அதை உடனே தொடக் கூடாது. முதலில் பழைய 'உருட்டு' ஒரு சுற்று. பிறகு எழுந்துபோய்க் குழாயில் கை கழுவ வேண்டும், சோப்புப் போட்டு. துடைத்து, விரல் நன்றாகக் காய்ந்த பிறகு புதியது ஒரு சுற்று. மறுபடி கை கழுவல். மறுபடி பழையது. "வாய்க்குத் தண்ணி குடிக்கிற மாதிரி, விரலுக்கு" என்பார். வேறு ஆபீஸ்களில் நாற்காலி தேயும். எங்கள் ஆபீஸில் துண்டு தேய்ந்தது.

அடுத்தது, வேறொருவர் ஆடும்போது நாம் எதிரே உட்கார வேண்டும். போனின் முதுகுதான் நமக்குத் தெரியும். அதற்கு மேலே ஒரு முகம், பக்கத்தில் ரெண்டு கட்டை விரல். "திரையில என்னா இருக்குன்னு எனக்குத் தெரியும் கலா. அத அன்பு செஞ்சான். விரல்ல என்னா இருக்குன்னு எனக்குத் தெரியாது. அதப் பாத்துச் சொல்லு." அன்பு எங்கள் புரோகிராமர். குண்டின் கனம், மண்ணின் சொரசொரப்பு, உருண்டு நிற்கும் அந்தக் கடைசி அரை அங்குலம், எல்லாம் அவன் எழுதியவை.

மூன்றாவது விதி எல்லாவற்றையும் விடக் கண்டிப்பு. ஆடி முடித்தவரிடம் "நல்லா இருக்கா?" என்று கேட்கவே கூடாது. கேட்டால் இந்த ஊரில் யாரும் இல்லை என்று சொல்ல மாட்டார்கள். டீ வேறு வாங்கிக் கொடுத்திருக்கிறோம். "இன்னொரு ஆட்டம் ஆடறீங்களா?" என்று மட்டும் கேட்க வேண்டும். கை மறுபடி போனுக்கு எவ்வளவு சீக்கிரம் போகிறது என்பதுதான் பதில்.

எல்லாம் சரியாக அமைந்தால் மதாம் ஒரே ஒரு சொல் சொல்வார். பிரெஞ்சில் 'நல்லது' என்று அர்த்தமாம். எங்கள் காதில் அது 'பொன்' என்று விழும். "மதாம் பொன் சொல்லிட்டாங்களா?" என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொள்வோம். தங்கம் மாதிரியேதான், அரிதாகத்தான் வெளியே எடுப்பார்.

முதல் பாகம் ஓடியது. இரண்டாம் பாகமும் ஓடியது. பஸ்ஸில், ஆஸ்பத்திரி வரிசையில், மார்க்கெட்டில் மீன் வெட்டிக் கொடுக்கும்வரை நிற்கிற இடத்தில், அந்தச் சின்ன 'டங்' கேட்டால் நான் திரும்பிப் பார்க்க மாட்டேன். முதுகாலேயே கேட்டுக்கொண்டு நிற்பேன். முதுகு சூடாகும்.

மூன்றாவதில்தான் மாட்டிக்கொண்டோம்.

ஆட்டத்தை இயக்கும் மென்பொருளையே மாற்றி, அந்தப் புது எஞ்சினில் அன்பு எல்லாவற்றையும் மறுபடி கட்டியிருந்தான். அழகென்றால் அப்படி ஒரு அழகு. குண்டு விழுந்தால் மண் துள்ளும். பொழுது சாயச் சாயக் குண்டின் மேல் வெளிச்சம் நகரும். ஆட்டத்தை வெளியிடும் பெங்களூர் கம்பெனியிலிருந்து விக்ரம் சார் வந்திருந்தார். கெட்டவர் இல்லை, அவசரக்காரர். நிலைமையை முதல் நாளே போட்டு உடைத்துவிட்டார். பழைய ஆட்டக்காரர்கள் ஒப்புக்கொண்டு, குறித்த தேதியில் வெளியானால் நான்காவதும் எங்களுக்கே. தவறினால், ஆட்டத்தைப் பெயரோடு பெங்களூர்க் குழு எடுத்துக்கொள்ளும். உப்பளத்து ஆபீசுக்குப் பூட்டு.

பழைய ஆட்டக்காரர்களை ஒரு மத்தியானம் வரவழைத்தோம். நெல்லித்தோப்பில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் ஞானம் வந்தார். முதல் பாகம் வந்த நாளிலிருந்து அதையே ஆடுகிறவர். போன் மாற்றினாலும் ஆட்டம் மாற்றாதவர். ஒரு நர்ஸ், ஒரு வாத்தியார், கல்லூரிப் பெண்கள், ஆட்டோக்காரர்கள். ஆடினார்கள். நான் எதிரே உட்கார்ந்து விரல்களைப் பார்த்தேன். ஒரு குறையும் தெரியவில்லை. மனசு மட்டும் எதற்கோ அலைந்தது, சாவியை எங்கோ வைத்துவிட்டு வீடு முழுக்கச் சுற்றுகிற மாதிரி.

மதாமின் விதி விக்ரம் சாருக்குத் தெரியாது. நடுவில் நின்று கேட்டே விட்டார். "எப்படி இருக்கு எல்லாருக்கும்?"

"நல்லாத்தான் இருக்கு சார்" என்றார் ஞானம்.

"நல்லாத்தான் இருக்கு" என்றார் நர்ஸ்.

வாத்தியார் கொஞ்சம் யோசித்துவிட்டு, "நல்லாத்தாங்க இருக்கு" என்றார்.

டீ குடித்தார்கள். போனைப் பத்திரமாக மேஜைமேல் வைத்துவிட்டுப் போனார்கள். ஒருவர்கூட இன்னொரு ஆட்டம் கேட்கவில்லை.

விக்ரம் சார் மதாமின் கையைப் பிடித்துக் குலுக்கினார். "சூப்பர் மேடம்! ஒருத்தர் விடாம நல்லா இருக்குன்னுட்டாங்க!"

மதாம் என்னைப் பார்த்தார். அன்பு என்னைப் பார்த்தான். அவன் சம்சாரத்துக்கு அது எட்டாவது மாசம். பேசாமல் இருந்திருந்தால் எல்லாரும் அன்று நிம்மதியாக வீட்டுக்குப் போயிருப்போம்.

"இல்ல மதாம்" என்றேன். "அவங்க நல்லா இருக்குன்னு சொல்லல. நல்லாத்தான் இருக்குன்னு சொன்னாங்க."

விக்ரம் சார் சிரித்துவிட்டார். "ரெண்டும் ஒண்ணுதாங்க!"

"ஒண்ணு இல்ல சார். என் கல்யாணப் புடவையப் பாத்து எங்க நாத்தனாரும் இதத்தான் சொன்னாங்க. இன்னி வரைக்கும் அந்தப் புடவையக் கட்டுனா எனக்குக் கூசுது."

மதாமின் தமிழ் நல்ல தமிழ். ஆனால் பாதி வாழ்க்கை வேறு மொழியில் போனதால் சில இடங்களில் நின்று கேட்பார். இப்போதும் கேட்டார். "அந்த 'தான்' என்னா பண்ணுது, கலா?"

"பின்னாடி ஒரு 'ஆனா' நிக்குதுன்னு சொல்லுது மதாம். வெளிய வரக் கூச்சப்பட்டுக்கிட்டு."

"என்னா ஆனா?"

"தெரியல."

தப்பு என்று சொல்லத் தெரிகிறது, எது தப்பு என்று சொல்லத் தெரியவில்லை. அப்படிப்பட்டவளுக்கு ஒரு நாற்காலி எதற்கு? விக்ரம் சார் அதைத்தான் நாசூக்காகக் கேட்டார். "ஒரு தானுக்காக எல்லாத்தையும் நிறுத்தறதா மேடம்?"

மதாம் வெறுங்காலால் தரையை ஒருமுறை தேய்த்தார். "தேதிக்கு முன்னால எனக்கு ஒரு வாரம் இருக்கில்ல? அது கலாவோடது."

அந்த வாரம் அன்பு என்னோடு சண்டை போட்டுக்கொண்டே வேலை செய்தான். குண்டின் கனத்தைக் கூட்டினான். ஆடினேன், கை கழுவினேன், பழையதை ஆடினேன், இல்லை என்றேன். மண்ணை இறுக்கினான். இல்லை. பழைய 'டங்' சத்தத்தையே எடுத்து வைத்தான். இல்லை. சோப்பில் என் விரல் நுனி சுருங்கிப்போனது.

"அக்கா, என்னான்னு சொல்லு, மாத்தறேன். சும்மா இல்ல இல்லன்னா நான் என்னாத்த எழுதறது? உன் நாத்தனாரயா?"

"எனக்கே தெரியலடா."

"தெரியலன்னா ஆமான்னு சொல்லித் தொலையேன்!" சொன்ன மாத்திரத்தில் அவனுக்கே முகம் விழுந்துவிட்டது. எழுந்துபோய் எனக்கும் சேர்த்து டீ வாங்கிவந்தான்.

ஆபீசுக்குள் கிடைக்காததை வெளியே தேடலாம் என்று மறுநாள் நெல்லித்தோப்புக்குப் போனேன். ஞானத்தின் கடையில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தேன். ஜெராக்ஸ் மெஷினின் பச்சை வெளிச்சம் போய்ப்போய் வந்தது. காகிதச் சூடும் மை வாசனையும். மெஷின் பாட்டுக்கு ஓட, ஞானம் போனை எடுத்து முதல் பாகத்தை ஆட ஆரம்பித்தார். எதிரே இருந்து கையைப் பார்த்தேன்.

முதல் இரண்டு பாகங்களிலும் ஒவ்வொரு சுற்றும் தொடங்கும்போது ஆடுகிறவர்தான் விரலால் தரையில் வட்டம் போட வேண்டும். நிஜ ஆட்டத்தில் காலால் கீறுவார்களே, அது. ஞானத்தின் கட்டை விரல் திரையில் ஒரு சுற்றுச் சுற்றியது. போனுக்குள்ளிருந்து எதிராளியின் குரல் நக்கலடித்தது: "வட்டமா போடற, தோசையா ஊத்தற?"

"நீ வந்து ஊத்துடா" என்றார் ஞானம். போனிடம்.

சொன்னது அவருக்கே தெரியவில்லை. உதடு தானாக அசைந்தது. பிறகு ஒரு மூச்சை இழுத்துப் பிடித்து, விரலைச் சுண்டினார். டங்.

"அண்ணே, இப்ப போனுகிட்டப் பேசுனீங்களே?"

"நானா? போனுகிட்டயா? ஏம்மா, கடையில நாலு பேரு வர எடத்துல மானத்த வாங்காத."

என் கையிலிருந்த மூன்றாம் பாகத்தைக் கொடுத்தேன். அதில் வட்டம் கிடையாது. எடுத்ததற்குக் காரணம் இருந்தது: இரண்டு பாகங்களாக ஆட்டக்காரர்கள் எங்களுக்கு எழுதியதில் பெரிய புகாரே அதுதான். 'வட்டம் போடற எழவத் தூக்குங்க.' கேட்டுத் தூக்கினோம். நக்கல் வசனத்தை வீணாக்க வேண்டாமென்று குண்டு உருளும் நேரத்துக்குத் தள்ளி வைத்தோம்.

ஞானம் போனை வாங்கினார். கை கழுவாமல், பழையதை ஆடிய சூட்டோடு அவர் கட்டை விரல் திரைக்கு மேலே, திரையைத் தொடாமல், காற்றில் பாதி வட்டம் சுற்றியது. சுற்றிவிட்டு, இறங்க இடம் இல்லாமல் அப்படியே நின்றது. ஒரு சிமிட்டல் நேரம்தான். வீட்டில் நாற்காலியை யாரோ நகர்த்தியது தெரியாமல் உட்காரப் போனவர் மாதிரி நின்றது. பிறகு சுண்டியது. மூச்சு பிடிக்கவில்லை. குண்டு உருண்டபோது நக்கல் வந்தது; உதடு அசையவில்லை. குண்டு போன பிறகு திட்டினால் யாருக்கு ரோஷம் வரும்?

ஸ்டூலை விட்டு எழுந்துவிட்டேன். சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது, மெஷினிலிருந்து ஒரு காகிதத்தை உருவி முகத்தை விசிறிக்கொண்டேன். அது யாருடையதோ ஜாதிச் சான்றிதழ்.

"அண்ணே, வட்டம் இல்லாதது ஒரு மாதிரி இருக்கா?"

"அதுவா? சீ, அது புடிச்ச தொல்ல. எடுத்ததே நல்லது" என்றார் ஞானம், முழு மனதோடு.

ரேவதி, நீ கேட்டதற்கு என்னிடம் இருக்கிற ஒரே பதில் இதுதான். வாய் அப்படித்தான் சொல்லும். விரலைக் கேள்.

உப்பளத்துக்கு ஸ்கூட்டரை எப்படி ஓட்டினேன் என்று ஞாபகம் இல்லை. அன்பு தலையில் கை வைத்தான். "அவங்களே வேணான்னத மறுபடி வெக்கறதா? அதும் வாரக் கடைசியில?"

"வெச்சிடு. நக்கலையும் வட்டத்துக்கே கொண்டா."

வைத்தான். ஆடிப் பார்த்தேன். பக்கத்தில் வந்துவிட்டது, ஆனால் உள்ளே வரவில்லை. கை கழுவிக்கொண்டிருந்தபோது பின்னால் மதாம் நின்றார். "வட்டம் ரொம்ப அழகா இருக்கு கலா" என்றார்.

அப்போதுதான் உறைத்தது. புது எஞ்சின் நாம் எப்படிக் கோணலாகக் கீறினாலும் அதைத் திருத்தி, நிலா மாதிரி ஒரு வட்டமாக்கிக் காட்டியது. அந்த வட்டத்தைப் பார்த்து எவன் தோசை என்பான்?

"அன்பு, திருத்தாத. கோணலாவே வுடு."

"அசிங்கமா இருக்கும்க்கா."

"இருக்கட்டும். என் தோச, நான் ஊத்துனது."

அதே ஆட்களை மறுபடி கூப்பிட்டோம். விக்ரம் சாரும் வந்து சுவரோரம் நின்றார். அன்பு உள்ளே வரவே இல்லை, மாடிப்படியில் உட்கார்ந்திருந்தான். நான் எதிரே உட்கார்ந்தேன். என் காலடியில் தரை இருக்கிறதா என்று ஒருமுறை தட்டிப் பார்த்துக்கொண்டேன்.

முதல் சத்தம் ஞானத்துடையது. "எவன்டா அது, மறுபடியும் இந்த எழவு வட்டத்தக் கொண்டாந்து வெச்சது?"

விக்ரம் சாரின் முகம் வெளுத்தது. நான் ஞானத்தின் விரலைப் பார்த்தேன். அது அதற்குள் பாதி வட்டம் போட்டுவிட்டிருந்தது. போன் நக்கலடித்தது. "ஊத்தறன் இரு, உனக்குத்தான் மொதல்ல" என்றார் ஞானம். மூச்சை இழுத்தார். டங். பக்கத்து நாற்காலியில் நர்ஸ் தன் போனைத் திட்டினார். வாத்தியார், பாடம் நடத்துகிற அதே குரலில், "உன் மூஞ்சி மாதிரி இருக்குடா" என்று ஒரு இயந்திரத்துக்குப் பதில் சொன்னார். கல்லூரிப் பெண்கள் ஒருத்தி வட்டத்தை ஒருத்தி பார்த்துக் கெக்கலித்தார்கள். டீ ஆறியது. ஆடை படிந்தது. யாரும் எடுக்கவில்லை.

பொறுக்க முடியாமல் விக்ரம் சார் ஞானத்தின் பக்கத்தில் போய்க் குனிந்தார். "எப்படி இருக்கு சார்?"

ஞானம் நிமிரவில்லை. "நல்லா இருக்கு. கொஞ்சம் தள்ளி நில்லுங்க சார், வெளிச்சம் மறைக்குது."

நான் காத்திருந்தேன். 'தான்' இல்லாமல் வந்ததற்குப் பின்னால் ஒரு 'ஆனா' வருகிறதா என்று. வரவில்லை. என் தோள் இரண்டும் அதுவரை காதோரம் ஏறி நின்றிருந்தது இறங்கிய பிறகுதான் தெரிந்தது. ஜன்னலுக்கு வெளியே கடல்காற்று எப்போதும் போல் வந்துகொண்டிருந்தது. அந்த வாரம் முழுக்க அது எங்கே போயிருந்தது என்று நினைத்தேன்.

பின்னால் வெறுங்கால். "பொன்" என்றார் மதாம். படிக்கட்டுக்கு ஓடிப்போய் அன்பிடம் சொன்னேன். அவன் கைப்பிடிச் சுவரில் தலையைச் சாய்த்து, "போக்கா அந்தாண்ட" என்றான், கண்ணைத் துடைத்துக்கொண்டு.

ஆபீசைப் பூட்டவில்லை. அன்புக்குப் பெண் பிறந்தது. மூன்றாம் பாகம் பேருந்திலும் மீன் மார்க்கெட்டிலும் என் முதுகுக்குப் பின்னால் ஒலித்தது. வட்டத்தைத் தூக்கச் சொல்லிப் புகார்கள் இன்றும் வருகின்றனவாம். வரட்டும்.

நாற்பதைத் தாண்டியதும் கட்டை விரலின் அடிமுட்டி வீங்க ஆரம்பித்தது. இரும்புக் குண்டையே தொடாத விரலுக்கு இரும்பு தூக்கினவன் வலி. டாக்டர் போதும் என்றார். வருத்தப்படுவேன் என்று எல்லாரும் எதிர்பார்த்தார்கள். எனக்கென்னவோ லேசாக இருந்தது. யாரோ 'நல்லாத்தான் இருக்கு' என்றால் இனி நான் தேடிப் போக வேண்டாம்.

கடைசி நாள் மதாம் வெறுங்காலோடு தெருவரைக்கும் வந்தார். சூடான தார், கால் மாற்றி மாற்றி நின்றார். கேட்கக் கூடாத கேள்வியை நானே கேட்டேன், அவர் விதியை அவரிடமே மீறி. "இத்தினி வருஷம், எப்பிடி மதாம் இருந்துச்சு என் வேல?"

"நல்லா இருந்துது" என்றார்.

பின்னால் ஒரு 'ஆனா' வருமா என்று அவர் உதட்டையே பார்த்தேன். அவருக்குப் புரிந்துவிட்டது. சிரித்துக்கொண்டே, கிளம்பு என்று கையை ஆட்டினார்.

ஸ்கூட்டரைத் திருப்ப வேண்டும். உப்பளத்துத் தெரு, ஒரு பக்கம் சாக்கடை மூடி, ஒரு பக்கம் நிறுத்திவைத்த வேன். விரல் வலியில் பிரேக்கைப் பிடிக்க முடியாமல், காலை ஊன்றி ஊன்றி, அகலமாக, கோணலாகச் சுற்றிக்கொண்டிருந்தேன். பாதிச் சுற்றில் மதாமின் குரல் தெருவெல்லாம் கேட்க வந்தது:

"ஏ கலா! வட்டமா போடற, தோசையா ஊத்தற?"